500 பெரியதா, 2000 பெரியதா?

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குளிர்காலத்து ஞாயிறு காலைகளில் கேமராவோடு வருகிறவர்கள் உண்டு. ஒருவர் முக்காலியின் மேல் முன்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை ஏற்றி வைத்திருப்பார். 200 முதல் 500 மி.மீ. வரை போகிற ஜூம். லென்ஸின் எடை மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவர் கையில் நிக்கான் பி900. லென்ஸ், உடல் எல்லாம் சேர்த்தே ஒரு கிலோவுக்குள்தான். ஆனால் அந்தக் கேமராவுக்குச் சொல்லப்படும் எண் 2000 மி.மீ.

நீருக்கு நடுவே 200 மீட்டர் தள்ளி ஒரு கூழைக்கடா மிதக்கிறது. இருவரும் படமெடுக்கிறார்கள். சின்ன கேமராவின் திரையில் பறவை ஏறத்தாழ மூன்றரையில் ஒரு பங்கு அகலத்தை அடைத்துக்கொள்கிறது. பெரிய லென்ஸ்காரரின் திரையிலோ பதினான்கில் ஒரு பங்குதான். 500-ஐப் போல் 2000 நான்கு மடங்கு. பறவையும் நான்கு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. கணக்கு பொருந்துகிறது. அப்படியானால் இரண்டு கிலோ கண்ணாடியை எதற்குச் சுமக்க வேண்டும்?

இது நியாயமான கேள்வி. கடைக்காரர்களும் இணைய விமர்சகர்களும் இதற்கு அவசரமாகப் பதில் சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள். ‘2000 என்பது பொய்’ என்பார் ஒருவர்; ‘பெரிய லென்ஸ் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம்’ என்பார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. அந்த இரண்டு எண்களும் அளப்பது வேறு வேறு பொருள்களை. 500 என்பது கண்ணாடியின் அளவு. 2000 என்பது காட்சி எவ்வளவு குறுகியது என்பதைச் சொல்லும் ஒரு ஒப்பீடு.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். வெகு தொலைவில் இருக்கும் பொருளிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் தனக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிக் குவிக்கிறதோ அந்தத் தொலைவுதான் குவியத்தூரம். லென்ஸின் மேல் பொறித்திருக்கும் மி.மீ. அதுவே. இது கண்ணாடியின் வளைவைப் பொறுத்தது. பின்னால் எந்தக் கேமராவை மாட்டியிருக்கிறீர்கள் என்பது லென்ஸுக்குத் தெரியாது.

தமிழகத்தின் முன்னோடிக் காட்டுயிர்ப் படக்காரரான மா. கிருஷ்ணன் (1912–1996) இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸ், இடையில் தானே இணைத்த சில்லறைப் பாகங்கள் என்று அவர் ஒரு கருவியை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். எந்த உடலில் பொருத்தினாலும் அந்த லென்ஸின் குவியத்தூரம் மாறாது என்பதால்தான் இப்படி ஒட்டிச் சேர்ப்பது சாத்தியமாகிறது.

குவியத்தூரம் எதைத் தீர்மானிக்கிறது? லென்ஸின் பின்னால் விழும் பிம்பத்தின் அளவை. இதைப் புரிந்துகொள்ள ஆவடிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1961-இல் தொடங்கிய கனரக ஊர்தித் தொழிற்சாலையில்தான் விஜயந்தா, அர்ஜுன் முதலிய பீரங்கி வண்டிகள் உருவாயின. பீரங்கியின் குறிநோக்கி வழியே பார்ப்பவர்கள் கோணத்தைப் பாகையில் அளப்பதில்லை. ‘மில்’ என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள பொருள் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது நம் பார்வையில் அடைக்கும் கோணம் ஏறத்தாழ 1 மில். அதே பொருள் அரை கிலோமீட்டரில் நின்றால் 2 மில்.

லென்ஸின் கணக்கும் இதேதான். பொருள் ஒரு மில் அகலம் என்றால், பிம்பம் குவியத்தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கூழைக்கடா மிதக்கும்போது சுமார் ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டரில் அது 5 மில். 500 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் விழும் பறவையின் பிம்பம் 2.5 மி.மீ. பி900-இன் லென்ஸ் முகப்பை உற்றுப் பார்த்தால் 4.3–357 என்று எழுதியிருக்கும். அதன் உண்மையான குவியத்தூரம் அதிகபட்சம் 357 மி.மீ. ஆகவே அதற்குள் விழும் பறவை சுமார் 1.8 மி.மீ. கேமராவுக்குள் விழும் உண்மையான பிம்பத்தில் பெரியது எது என்று கேட்டால், 500-இன் பிம்பம்தான்.

இதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. நிலா இருக்கிறது. அதன் விட்டம் 3,474 கி.மீ.; சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட 110-இல் 1. ஆகவே உங்கள் லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால், கேமராவுக்குள் விழும் நிலாவின் அளவு கிடைத்துவிடும். 500 மி.மீ. லென்ஸில் 4.5 மி.மீ. நிலா, 357-இல் 3.2 மி.மீ. நிலா. அம்பத்தூரோ பூந்தமல்லியோ, மொட்டை மாடியில் நின்று ஒரு படம் எடுத்து, நிலா எத்தனை பிக்சல் அகலம் என்று கணினியில் எண்ணி, சென்சாரின் அகலத்தோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் வந்து நிற்கும். நிலா சற்றே நெருங்கியும் விலகியும் சுற்றுவதால் சில சதவீதம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

சின்ன பிம்பத்தை வைத்துக்கொண்டு சின்ன கேமரா எப்படிப் பெரிய பறவையைக் காட்டுகிறது? இங்கேதான் சென்சார் வருகிறது. சென்சார் என்றால் பிம்பத்தை வாங்கிப் பதிவு செய்யும் ஒளியுணரிச் சில்லு. பெரிய கேமராவில் அதன் அளவு 36 × 24 மி.மீ. இதைத்தான் ‘ஃபுல் ஃபிரேம்’ என்கிறார்கள். பி900-இல் சுமார் 6.2 × 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பளவில் பார்த்தால் பெரியதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு.

அம்பத்தூரில் ஒரு திரையரங்கைக் கற்பனை செய்துகொள்வோம். புரொஜெக்டர் அதே இடத்தில், அதே லென்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் கதாநாயகனின் முகம் பத்தடி உயரம். இப்போது திரையின் நான்கு ஓரங்களையும் வெட்டி எறிந்து நடுத்துண்டை மட்டும் விட்டுவைக்கிறோம். முகம் பெரிதாகிவிடுமா? இல்லை, அதே பத்தடிதான். ஆனால் இப்போது அந்த முகம் திரை முழுவதையும் நிறைக்கிறது. பின்னால் இருந்த வீடும் மரமும் சுவரில் விழுந்து வீணாகின்றன. சின்ன சென்சார் செய்வது இதை மட்டுமே. அது பெரிதாக்குவதில்லை, வெட்டுகிறது. பெரிதாகும் வேலை பின்னால், நாம் இரண்டு படங்களையும் ஒரே அளவுள்ள போன் திரையில் போட்டுப் பார்க்கும்போது நடக்கிறது. 36 மி.மீ. அகலப் படமும் 6.2 மி.மீ. அகலப் படமும் ஒரே திரையை நிறைக்க வேண்டுமானால், சின்னதை ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது.

ஃபுல் ஃபிரேமின் மூலைவிட்டத்தைச் சின்ன சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை வெட்டு விகிதம் என்று அழைக்கலாம். கேமராக்காரர்கள் ‘கிராப் ஃபேக்டர்’ என்பார்கள். பி900-க்கு அது 5.6. 357-ஐ 5.6-ஆல் பெருக்கினால் 2000. விளம்பரத்தில் வரும் எண் இப்படிப் பிறந்ததுதான். ‘ஃபுல் ஃபிரேம் கேமராவில் 2000 மி.மீ. லென்ஸ் போட்டால் எவ்வளவு குறுகிய காட்சி தெரியுமோ அதே காட்சி’ என்பதே அதன் பொருள். அந்த அளவில் அது நேர்மையான எண்தான். மற்ற சென்சார் அளவுகளுக்கும் இதே முறை. நிக்கான், சோனியின் ஏ.பி.எஸ்.சி. வகைக்கு 1.5, கேனனுடையதற்கு 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக்கு 2.

ஏன் எல்லாவற்றையும் 36 × 24-ஓடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்காக வந்த 35 மி.மீ. அகலச் சுருளைப் பக்கவாட்டில் ஓட்டி, இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து ஒரு கட்டமாக்கினார். அந்தக் கட்டம்தான் 36 × 24. 1925-இல் லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு உலகத்தின் பெரும்பாலான படக்காரர்களுக்குப் பழகிய கட்டம் அதுதான்.

ஆனால் நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் வேறொரு கதை தெரியும். 1960-கள், 70-களில் நடுத்தர வீடுகளில் இருந்த அக்ஃபா க்ளிக் கேமராவும், ஸ்டூடியோக்களில் இருந்த யாஷிகா மேட், ரோலிஃப்ளெக்ஸ் கேமராக்களும் ஆறு செ.மீ. சதுரக் கட்டத்தில் படமெடுத்தன. யாஷிகா மேட்டின் லென்ஸ் 80 மி.மீ. அந்தக் கேமராவில் 80 என்பது சாதாரணப் பார்வை. குடும்பம் முழுவதையும் வரிசையாக நிற்க வைத்து எடுக்கலாம். அதே 80 மி.மீ.-ஐ 35 மி.மீ. சுருள் கேமராவில் போட்டால் முகத்தை நெருக்கி எடுக்கும் லென்ஸ் ஆகிவிடும். இன்றைய பி900 அளவு சென்சாரின் முன்னால் வைத்தால் 450 மி.மீ.-க்குச் சமம், பறவையே பிடிக்கலாம். ஒரே 80 மி.மீ. மூன்று விதமாக நடந்துகொள்கிறது. ‘எத்தனை மி.மீ. இருந்தால் தொலைநோக்கு லென்ஸ்?’ என்ற கேள்விக்கு, பின்னால் இருக்கும் கட்டத்தின் அளவைச் சொல்லாமல் பதிலே கிடையாது.

1999-இல் நிக்கான் டி1 போன்ற டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது பெரிய சென்சார் செய்வது மிகச் செலவான வேலை. ஆகவே சிறிய சென்சார்கள் வந்தன. பழைய லென்ஸ்களைப் புதிய உடலில் மாட்டியவர்கள், ‘என் 300 மி.மீ. லென்ஸ் 450 ஆகிவிட்டது’ என்று மகிழ்ந்தார்கள். லென்ஸ் அப்படியே இருந்தது. ஓரங்கள்தான் போயிருந்தன.

‘எத்தனை எக்ஸ்?’ என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். பி900-ஐ 83 எக்ஸ் என்கிறார்கள். அது 357-ஐ 4.3-ஆல் வகுத்த ஈவு: அந்த லென்ஸின் நீளக் கோடி அதன் குட்டைக் கோடியைப் போல் எத்தனை மடங்கு என்பது மட்டுமே. பறவை 83 மடங்கு நெருங்கிவிட்டது என்று பொருளல்ல. ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ் நம் வெறும் கண்ணின் பார்வைக்கு ஏறத்தாழ இணையானது என்று வைத்துக்கொண்டால், 2000-ஐ 50-ஆல் வகுத்து 40 மடங்கு என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். பைனாகுலரில் எழுதியிருக்கும் 8 எக்ஸ் வேறு வகை. அது உண்மையிலேயே கண்ணுக்கு எட்டு மடங்கு கோணம்.

இதுவரை பேசியது காட்சியின் அளவைப் பற்றி. பறவைக்காரர்களுக்கு வேண்டியது அது மட்டுமில்லை, விவரம் வேண்டும். நம் கூழைக்கடாவுக்குப் புள்ளி அலகுக் கூழைக்கடா என்று பெயர். மேல் அலகின் ஓரத்தில் வரிசையாகச் சிறு புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் படத்தில் தெரிகின்றனவா?

சென்சாரின் அளவு விவரத்தைக் கூட்டுவதில்லை என்பதற்கு அழகான சான்று நிக்கானின் இரண்டு கேமராக்கள். 2016-இல் வந்த டி500, சிறிய ஏ.பி.எஸ்.சி. சென்சார், 20.9 மெகாபிக்சல். 2017-இல் வந்த டி850, ஃபுல் ஃபிரேம், 45.7 மெகாபிக்சல். ஒரே 500 மி.மீ. லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, முக்காலியை அசைக்காமல் ஒரே பறவையை எடுத்தால், டி500-இன் திரையில் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். ‘பார்த்தீர்களா, சின்ன சென்சார் எட்டிப் பிடிக்கிறது’ என்று தோன்றும். ஆனால் டி850-இன் படத்தின் நடுப்பகுதியை மட்டும் அதே அளவுக்கு வெட்டி எடுத்தால் 19.4 மெகாபிக்சல் மிஞ்சும். பறவையின் மேல் விழுந்த பிக்சல்கள் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு சில்லுகளிலும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பிக்சல்கள் இருப்பதே காரணம். கூர்மைக்குச் சென்சாரின் மொத்த அளவு முக்கியமில்லை. பிக்சல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம்.

அந்த நெருக்கத்தில் பி900 அசுரன். டி850-இல் ஒரு மில்லிமீட்டருக்கு 230 பிக்சல், பி900-இல் 750. நிலாவை எடுத்தால், 500 மி.மீ. லென்ஸோடு டி850 நிலாவின் குறுக்கே சுமார் 1,040 பிக்சல்களைப் பரப்புகிறது. பி900 சுமார் 2,400-ஐ. பிம்பம் சிறியதாக இருந்தும் இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் விவரமும் இரண்டு மடங்கா?

இந்த இடத்தில் ஒளி தன் இயல்பைக் காட்டிவிடுகிறது. ஒளி ஓர் அலை. குறுகிய துளை வழியே நுழையும்போது அது ஓரங்களில் வளைந்து பரவும். பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்போம். அதனால் எவ்வளவு சிறப்பான லென்ஸும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் குவிக்க முடியாது. நடுவே ஒரு சிறு வட்டும், அதைச் சுற்றி மங்கலான வளையங்களும்தான் விழும். தொலைநோக்கியில் உற்றுப் பார்த்தவர்களுக்கு இது முன்பே தெரியும். விண்மீன்கள் அத்தனை தொலைவில் இருப்பதால், தெரியும் அந்த வட்டு விண்மீனின் உடலாக இருக்க முடியாது, கருவியின் கைவேலைதான் என்பதும் தெரியும். 1835-இல் ஜார்ஜ் எய்ரி அந்த வட்டின் அளவைக் கணக்கிட்டுக் காட்டினார். துளை அகலமாக ஆக, வட்டு சுருங்குகிறது. இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் அவற்றைப் பிரிக்க எந்தச் சென்சாராலும் முடியாது. இந்தப் பிரிக்கும் ஆற்றலுக்குப் பிரிதிறன் என்று பெயர். அது ஒளி நுழையும் துளையின் விட்டத்தைப் பொறுத்தது. மி.மீ. சமானத்தையோ எக்ஸையோ அது கேட்பதே இல்லை.

அந்த விட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது? லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும்; குவியத்தூரம் துளையின் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே எஃப் எண். 500 மி.மீ., எஃப் 5.6 என்றால் 89 மி.மீ. துளை. பி900-இல் 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. நீண்ட லென்ஸ்களில் இது ஏறத்தாழ முன் கண்ணாடியின் அகலம்தான், கண்ணாலேயே பார்க்கலாம்.

விளம்பரங்களின் மேல் எனக்குள்ள ஒரே குறை இதில்தான். குவியத்தூரத்தை மட்டும் 5.6-ஆல் பெருக்கி 2000 என்கிறார்கள். எஃப் எண்ணை அப்படியே 6.5 என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் ‘2000 மி.மீ., எஃப் 6.5’ என்று ஒரு லென்ஸைக் கற்பனை செய்துகொள்கிறார். அப்படி ஒரு லென்ஸ் உண்மையில் இருந்தால் அதன் முன் கண்ணாடி 308 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். ஒரு அடிக்கும் மேல். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பெருக்குவதானால் எஃப் எண்ணையும் பெருக்க வேண்டும்: 6.5-ஐ 5.6-ஆல் பெருக்கினால் 36. ‘2000 மி.மீ., எஃப் 36’ என்று வகுத்துப் பாருங்கள். அதே 55 மி.மீ. திரும்ப வந்துவிடுகிறது. எந்த மொழியில் எழுதினாலும் மாறாமல் நிற்பது துளையின் விட்டம் ஒன்றுதான். பைனாகுலர்க்காரர்கள் இதில் ஒழுங்கானவர்கள். 8 × 42 என்று எழுதும்போது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம். வாங்குகிறவருக்குத் தேவையான இரண்டு எண்களும் உடம்பிலேயே இருக்கின்றன.

இனி நிலாவுக்கு வருவோம். 55 மி.மீ. துளையின் பிரிதிறன்படி நிலாவின் குறுக்கே சுமார் 740 தனித்தனி விவரங்களைப் பிரிக்கலாம். 89 மி.மீ. துளையால் சுமார் 1,200. ஆக, பி900 பரப்பிய 2,400 பிக்சல்களுக்குக் கண்ணாடி தரக்கூடியது 740 விவரங்கள்தான். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. நுண்ணோக்கி, தொலைநோக்கிக்காரர்கள் இதை வெற்றுப் பெருக்கம் என்பார்கள்.

ஆனால் இதை வைத்துப் பெரிய லென்ஸுக்கு வெற்றி மாலை போட்டுவிடவும் முடியாது. இரண்டு விவரங்களைத் தனித்தனியாகக் காட்ட, இடையே ஒரு இடைவெளியும் பதிவாக வேண்டும். ஆகவே ஒரு விவரத்துக்கு இரண்டு பிக்சலாவது தேவை. டி850 பரப்பிய 1,040 பிக்சல்களால் 520 விவரங்களைத்தான் ஏந்த முடியும். கண்ணாடி 1,200-ஐக் கொடுக்கத் தயாராக இருந்தும் சென்சாரிடம் அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமான பிக்சல்கள் இல்லை. பி900-இல் நேர்மாறு: வாங்கிக்கொள்ளச் சென்சார் தயார், கொடுக்கக் கண்ணாடியிடம் இல்லை. கணக்குப்படி முழுநிலாவில் சின்ன கேமரா முந்துகிறது! பி900 வந்த 2015-இல் அதன் நிலாப் படங்கள் உலகத்தை வியக்க வைத்ததற்கு இயற்பியலில் நியாயம் இருக்கிறது. பெரிய லென்ஸ்காரர் லென்ஸுக்கும் உடலுக்கும் இடையில் இரண்டு மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்றைச் சொருகினால் பிம்பம் 9 மி.மீ. நிலாவாக விரியும், துளை அதே 89 மி.மீ. அப்போது பிக்சல்கள் 2,080. விவரங்கள் ஆயிரத்துக்கு மேல். கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த விவரம் அப்போது வெளிவருகிறது.

நிலா வெயிலில் குளிக்கும் பாறை, ஒளிக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரையின் அந்தி வேளை அப்படியில்லை. ஒரே பறவையிலிருந்து வரும் ஒளியில் 89 மி.மீ. துளை வாங்குவது 55 மி.மீ. துளை வாங்குவதைப் போல் 2.6 மடங்கு. ஆறு மணிக்குச் சங்குவளை நாரைகள் கூடு திரும்பும்போது சின்ன கேமராவின் படங்களில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் ஏறுவதற்கு இதுதான் காரணம். சென்சார் சின்னது என்பதால் அல்ல, துளை சின்னது என்பதால். அந்த வேளையில் இரண்டு கிலோ கண்ணாடி தன் எடைக்கு வேலை செய்கிறது.

போன்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன? நூறு மடங்கு ஜூம் என்று விற்கப்படும் போன்கள் பலவற்றின் நீளமான லென்ஸ்கூட 5, 6 மி.மீ. துளைக்கு மேல் போவதில்லை. போனின் தடிமனுக்குள் இடம் குறைவு. அந்தத் துளையால் நிலாவின் குறுக்கே பிரிக்க முடிவது ஏறத்தாழ 75 விவரங்கள். வெறும் கண்ணுக்கு அது 30. ஆனால் அந்தப் போன்கள் எடுக்கும் நிலாப் படங்களில் பள்ளங்களும் கதிர்க்கோடுகளும் துல்லியமாகத் தெரிகின்றன. 2023 மார்ச்சில் ஒருவர் இதைச் சோதித்தார். நிலாப் படம் ஒன்றை 170 × 170 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, இருட்டறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் போனால் எடுத்தார். மூலத்திலேயே இல்லாத பள்ளங்கள் போனின் படத்தில் தெரிந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மெருகேற்றுவதாக நிறுவனமே விளக்கமளித்தது. நல்ல சோதனை என்றால் இதுதான். கருவிக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றை அது காட்டினால், அந்த விவரம் லென்ஸ் வழியே வரவில்லை என்று உறுதியாகிறது. நிலாவின் முகம் எல்லோருக்கும் தெரிந்த ஒரே முகம் என்பதால் இந்த மெருகேற்றல் பொருந்திப்போகிறது. பருத்திப்பட்டில் மிதக்கும் அந்தக் குறிப்பிட்ட பறவையின் அலகில் எத்தனை புள்ளி என்று எந்த மென்பொருளுக்கும் முன்கூட்டித் தெரியாது.

கருவியைத் துளையின் விட்டத்தாலேயே அழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆவடி வழியே போகிற ஜோலார்பேட்டை ரயில் பாதையில் வாணியம்பாடியில் இறங்கி மலையேறினால், ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம். 1986-இல் அங்கே திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியை வானியலாளர்கள் ‘2.34 மீட்டர் தொலைநோக்கி’ என்றே அழைக்கிறார்கள். அது அதன் கண்ணாடியின் விட்டம். எத்தனை எக்ஸ் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பின்னால் மாட்டும் கருவியை மாற்றினால் அந்த எண் மாறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அத்தனை அகலமான கண்ணாடியின் பிரிதிறனையும் நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் கொந்தளிப்பு முழுதாகப் பயன்படுத்த விடுவதில்லை. அதன் பெரும் பலன் மங்கலான பொருள்களிலிருந்து அள்ளிக்கொள்ளும் ஒளியில் இருக்கிறது.

ஏரிக்கரையில் 200 மீட்டரில் இந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று போட்டுப் பார்த்தேன். வெறும் கண்ணால் பிரிக்க முடிவது 58 மி.மீ.; போனால் 24 மி.மீ.; எட்டு மடங்கு பைனாகுலரால் 7 மி.மீ.; பி900-ஆல் 2.4 மி.மீ.; 89 மி.மீ. துளையால் 1.5 மி.மீ., போதுமான பிக்சல் நெருக்கம் இருந்தால். அலகுப் புள்ளிகள் ஓர் அங்குலத்துக்கும் குறைந்தவை. ஆகவே கண்ணும் போனும் அவற்றைத் தவறவிடும். மற்ற மூன்றும் காட்டிவிடும். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பறவையின் இனத்தை உறுதி செய்ய ஒரு சான்றுப் படம் வேண்டும் என்பவர்களுக்கு, பகல் வெளிச்சத்தில் 55 மி.மீ. துளை தாராளம். விலையையும் எடையையும் பார்த்தால் நான் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன்.

இந்தக் கணக்கு முழுவதும் காற்று அமைதியாக இருக்கும் நேரத்துக்கானது. கோடையில் வெயில் ஏறியதும் கரையும் நீரும் வெவ்வேறு சூட்டில் காற்றைக் கிளப்ப, இடையில் உள்ள 200 மீட்டரும் நெளியத் தொடங்கும். அப்போது 55-க்கும் 89-க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு படங்களிலும் ஒரே கலங்கல்தான். அந்த வேளையில் பெரிய லென்ஸை வாங்குவதைவிட ஏரியைச் சுற்றியுள்ள நடைபாதையில் நடந்து பறவைக்கு மறுபுறம் போவதுதான் உருப்படியான வழி. தொலைவு 200-இலிருந்து 100 ஆனால் எந்தக் கேமராவிலும் பிம்பம் இரண்டு மடங்காகும், பிரிக்க முடிகிற விவரம் பாதியளவுக்கு நுணுகும், துளைக்குள் வந்து சேரும் பறவையின் ஒளி நான்கு மடங்காகும், இடையில் நெளியும் காற்றும் பாதியாகக் குறையும்.